ஓட்டைக் கப்பலில் ஓர் இருக்கை

“நிலைமை கட்டுக்குள்ள இருக்கு, தைசியா பாவ்லோவ்னா” என்று அதிகாரி அர்க்காதி இலியிச் மறுபடியும் சொன்னார். கையிலிருந்த தேநீரை அந்த இஸ்திரிச் சட்டையில் ஊற்றிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. மாஸ்கோவுக்கு வெளியே, கட்டுப்பாட்டு மையத்தில் குடும்பத்தாருக்கான அறை. ஞாயிறுதோறும் இங்கிருந்துதான் அவள் விண்வெளி நிலையத்திலிருக்கும் கணவன் க்ளேபுடன் பேசுகிறாள். அவன் கப்பலின் குளிர்விக்கும் திரவம் முழுக்க ஒழுகிப்போனதை இந்த மனிதர் சொல்லவில்லை. கடையில் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரியவேண்டியிருந்தது.

ஆபத்தென்றால் தப்பி வர அவர்களுக்கு அந்தக் கப்பல்தான் படகு. க்ளேபும் அவனோடு போன ரினாத்தும் ஒலெக்கும், மூன்று பேரும் அதில் அடைந்து பூமிக்கு இறங்கினால் வெந்துவிடுவார்கள்; இரண்டு பேரென்றால் சூடு குறையும். அதனால் ஒருவருடைய இருக்கையை மட்டும் கழற்றி, அங்கே நிற்கும் இன்னொரு நாட்டுக் கப்பலின் தரையில் கட்டிவிட்டார்களாம். அவரவர் முதுகைச் சாந்தில் அச்செடுத்து வார்த்த இருக்கை அது. ஒருவருடையது மற்றவருக்குப் பொருந்தாது. வெள்ளை உள்ளாடையோடு சாந்தில் கிடந்த க்ளேபைப் படத்தில் பார்த்து, மாவுக்குள் பொதிந்த உருளைக்கிழங்கு என்று அவள் கேலி செய்திருக்கிறாள். யாருடைய இருக்கை என்று கேட்டால் மட்டும் அர்க்காதி இலியிச் மென்று விழுங்கினார்.

திரையில் க்ளேப் வந்தான். பூனை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று கேட்டான்.

“பூனை கெடக்கட்டும். உன் இருக்கை எந்தக் கப்பல்ல இருக்கு?”

“நம்மளதுலதான். ரினாத்தோடத மாத்தச் சொல்லிட்டேன். கப்பலோட தலைவன் நான், தைசியா. நான் அந்தக் கப்பலுக்கு மாறிட்டா ஒலெக்க யாரு கொண்டு வருவா?”

“அவங்க கேட்டாங்களா, நீயா சொன்னியா?”

“கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்.”

அவன் சொல்வது சரிதான். சரியாக இருந்ததாலேயே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

“தெருவுக்கு உன் பேர வெப்பாங்க. அந்தத் தெருவுல நான் நடந்து போய் ரொட்டி வாங்கணும். அதானே?”

அவன் பதில் சொல்வதற்குள் பின்னால் மணி அலறியது. விண்வெளியில் சுற்றும் ஏதோ உடைசல் நிலையத்தை நோக்கி வருகிறதாம். எல்லாரும் அவரவர் கப்பலில் ஏறிக் கதவடைக்க வேண்டுமாம்.

“அந்தக் கப்பல்லயா?”

“வேற எது இருக்கு” என்றவன் ஒலிவாங்கியைக் கைவிட்டுத் திரும்பினான்.

திரையை அணைக்க அர்க்காதி இலியிச் கை நீட்டினார். “தொட்டீங்கன்னா ஒடச்சிடுவேன்” என்றாள், குரலை உயர்த்தாமல். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

சாம்பல் நிறக் காலுறை போட்ட இரண்டு கால்கள் மிதந்துபோய் ஒரு வட்ட வாய்க்குள் நுழைந்தன. உள்ளேயிருந்து யாரோ கதவை இழுத்துச் சாத்தினார்கள். அவன் விட்டுப்போன ஒலிவாங்கி ஆளில்லாத அறையில் மெல்லச் சுழன்று, அவள் பக்கம் திரும்பியது.