வீட்டம்மா உயரம்

வாடகை வீடுகளில் இருபத்திரண்டு வருடம் பலகை மேல் நின்று சமைத்தவள் நான். நாலே முக்கால் அடிதான் இருப்பேன். பலகை இல்லாவிட்டால் சமையல் மேடை நெஞ்சுக்கு வரும். பலகை போட்டும் கையைத் தூக்கித் தூக்கியே வலது தோள்பட்டை போனது. நம் அளவுக்கு வரைந்து ஒரு வீடு கட்டப்போகிறோம் என்று கணவர் சொன்னபோது, மேடை என் உயரத்துக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"அவ்வளவுதானா? இது உன் வீடும்மா," என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

இன்ஜினியர் ஆளின் அளவைக் கேட்டுத்தான் வரைவாராம். கணவர் சாய்ந்து படிக்க ஜன்னலோரம் ஒரு திண்டு, அவர் கைக்கெட்டும் உயரத்தில் அலமாரி, அவர் மூக்குக்கு நேராகக் குளியலறைக் கண்ணாடி. வந்தவர் போனவரிடமெல்லாம் வரைபடத்தை விரித்துக் காட்டினார். நானும் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

குடிபோகும் அன்று பழைய பலகையைக் குப்பையில் வீசிவிட்டு, வெறுங்கையோடு புதுச் சமையலறைக்குள் நுழைந்தேன். மேடை நெஞ்சுக்கு வந்தது.

இன்ஜினியரை வரவழைத்தேன். அவர் நோட்டைப் புரட்டினார்.

"சமையல்கட்டு மேடைக்கு வீட்டம்மா உயரம் என்னன்னு சாரைக் கேட்டேனேம்மா. அஞ்சடி ஏழு அங்குலம்னாரு."

அஞ்சடி ஏழு அங்குலம் என் மாமியார். எங்கள் வீட்டில் பால்காரர் முதல் துணி தேய்ப்பவர் வரை எல்லோருக்கும் வீட்டம்மா என்றால் அவர்தான். என் கணவர் அவரைச் சுவரோடு நிறுத்தி, அளந்து சொல்லியிருக்கிறார். மாமியார் அடுப்புப் பக்கம் வந்தே பதினைந்து வருடமாகிறது.

"தெரிஞ்சா செஞ்சேன்? வீட்டம்மான்னதும் அம்மா ஞாபகம்தான் வந்துச்சு," என்றார் கணவர்.

"சமையல்கட்டுக்குன்னு கேட்டப்பவுமா?"

அவர் பேப்பரை எடுத்து விரித்தார். மாமியார்தான் மேடையைத் தடவிப் பார்த்தார். "நல்ல கல்லு. இதைப் போய் உடைக்கணுமா?"

உடைக்கவில்லை. மறுநாள் தச்சர் வந்தார்.

"பலகைன்னு சொன்னீங்களே, வீட்டம்மா ஏறி நிக்கவா சார்?"

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சேச்சே, அவங்களுக்கு எதுக்கு? இவளுக்கு."

தச்சர் டேப்பை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அந்த வீட்டுக்காக என்னை ஒருவர் அளந்தது அன்றுதான்.