சனி இல்லம்மா, இரும்பு

“அம்மாவ நான் தூக்கணும். முன்பக்கம்.”

கூடத்தில் எல்லோரும் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டதைவிட, யாரிடம் கேட்டாள் என்பதுதான் காரணம். அந்த வீட்டில் யாரும் அப்பாவிடம் நேராக எதையும் கேட்டதில்லை. “அவர்கிட்ட போய் நிக்காத. எங்கிட்ட சொல்லு, நான் நேரம் பாத்துச் சொல்றேன்,” என்பாள் அம்மா. பள்ளிச் சுற்றுலா முதல் ஆராய்ச்சிப் படிப்பு வரை எல்லாம் அம்மா வழியாகத்தான் போயிற்று. வசவு முழுக்க அவளுக்கு. சம்மதம் மட்டும் மகளுக்கு. அந்த அம்மா இப்போது, மூடி போட்ட பெட்டிக்குள்.

“ஆம்பளைங்க நாங்க என்ன செத்தா போயிட்டோம்?” என்றார் பெரியப்பா.

“செத்தது எங்கம்மா, பெரியப்பா. நீங்க நல்லாத்தான் இருக்கீங்க.”

“படிக்க வச்சா இப்படித்தான்.”

“நீங்களா வச்சீங்க?”

இந்நேரம் அப்பாவின் கையிலிருந்து ஏதாவது பறந்திருக்க வேண்டும். அவரோ அலமாரியைத் திறந்தார், மூடினார். சமையலறைப் பக்கம் திரும்பி, “என் கண்ணாடி எங்க?” என்றார். பதில் வராததால் மறுபடியும் திறந்தார். கண்ணாடி அவர் நெற்றிமேல்தான் ஏறி உட்கார்ந்திருந்தது. சொல்ல யாருக்கும் தைரியமில்லை. அது அம்மாவின் வேலை.

அவர் சுவரைப் பிடித்தார். உடம்பு லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

போன மாதம் அம்மா அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: “இப்ப என்னடி பாக்குற அங்க, உன் ஆராய்ச்சியில?”

“ஒரு கிரகம்மா. தூரத்து நட்சத்திரம் ஒண்ண ஒட்டிக்கிட்டே சுத்துது. நமக்கு ஒரு நாள் முடியறதுக்குள்ள அதுக்கு ஒரு வருஷம் முடிஞ்சிரும்.”

“அவ்ளோ நெருப்புக்குப் பக்கத்துல என்ன சனியனுக்குச் சுத்துது?”

“சனி இல்லம்மா. சனி வெறும் வாயு. இது பாறை, உள்ள இரும்பு. பூமியவிடக் கொஞ்சம்தான் பெருசு, ஆனா கனம் பல மடங்கு.”

“வெந்து போகாதா?”

“மேல உருகி ஓடும். உள்ள அப்படியே இருக்கும்.”

அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். “தராசு இல்லாம எப்படிடி கனம் தெரியும்?”

“அது இழுக்கிற இழுப்புல நட்சத்திரம் ஆடும்மா. அந்த ஆட்டத்த வச்சுத்தான்.”

“அவ்ளோ பெருசு, ஆடுதா?”

“துளி ஆடும்.”

அம்மா கூடத்தை எட்டிப் பார்த்தாள். அப்பா செய்தித்தாளை விரித்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். “போடி, பொய்யி,” என்று சிரித்தபடி மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

“பெட்டிய எடுக்க நேரமாச்சு,” என்றது ஒரு குரல். அப்பா மறுபடி அலமாரிப் பக்கம் திரும்பினார். அவள் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. செருப்பை உதறிவிட்டு முன்மூலையில் தோள் கொடுத்தாள்.

“சின்ன உருவம்தான். லேசாத்தான் இருக்கும்,” என்று பெரியப்பா பின்னால் குனிந்தார். தூக்கியதும் அவருக்கு மூச்சு முட்டியது. “என்னம்மா இது, இந்தக் கனம்!”

அவள் தோளை இன்னும் உள்ளே கொடுத்து, வாசற்படியைக் காலால் தேடிக் கண்டுபிடித்து இறங்கினாள்.

உள்ளே அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பாமல் நடந்தாள்.