ருக்மணியின் இடது கை

காலை ஷிப்டு பஸ் கெலமங்கலத்தை விட்டுக் கிளம்பும்போது பனி விலகியிருக்காது. ருக்மணி ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காமல் என்ன? இந்தியாவுக்காக ஹாக்கி ஆடி, கோலாலம்பூர் வரை போய்வந்த பெண் எண்பத்தேழாம் வருடம் அந்தச் சீமையில் வேறு யார் இருந்தார்கள்? தக்காளி போட்டுப் பிழைக்கும் நாராயணப்பனின் மகள் அவள். அவள் ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கூப்பிட்டு வேலை கொடுத்தது. தன் பெண்கள் அணிக்குக் கேப்டனாக்கியது, வாசலில் அவள் படத்தைப் பெரிதாக மாட்டியது. படத்தை மாட்டிவிட்டு ஆளைக் கொண்டுபோய்ப் பிரஸ் மெஷினில் நிறுத்தியது.

தகடு வெட்டும் மெஷின் அது. தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கிற பட்டன்களை இரண்டு கையாலும் ஒருசேர அழுத்தினால்தான் மேலச்சு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருக்கும்போது விரல் எப்படி உள்ளே போகும்? செய்தவன் புத்திசாலிதான். ஆனால் அந்த ஷெட்டில் எல்லா மெஷினிலும் இடது பட்டனைச் சைக்கிள் ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டிவைத்திருந்தார்கள். வலது கை அழுத்தும், இடது கை தகட்டை வைத்து எடுக்கும், வேலை ஓட்டமாக ஓடும். சூப்பர்வைசர் தங்கதுரைக்கு வேண்டியது அந்த ஓட்டம்தான்.

ருக்மணி மட்டும் தன் மெஷினில் ட்யூப் கட்டவிடவில்லை. பக்கத்து மெஷின் நஞ்சம்மாவின் கையை வந்த முதல் நாளே பார்த்திருந்தாள். ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றுபோயிருந்தது. தளியிலிருந்து வரும் நஞ்சம்மா கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவாள்.

“பேடம்மா, நீ கட்டாத. எனக்கு வேற கதி இல்ல, நான் கட்டிக்கறேன்” என்று அவளே சொல்லியிருந்தாள்.

அப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்திய அணிக்கு ஆள் எடுக்க பெங்களூரில் பயிற்சி முகாம் என்று தகவல் வந்தது. ருக்மணி லீவு கேட்டுத் தங்கதுரையிடம் போனாள்.

“தாராளமாப் போயிட்டு வாம்மா. கம்பெனிக்கும் பெருமதான? ஆனா இந்த வார டார்கெட்ட முடிச்சுக் குடுத்துட்டுப் போ. உன் மெஷின்லதான் பீஸ் கொறையுது.”

“ரெண்டு பட்டனையும் அமுக்கிக்கிட்டு எப்படி சார் முடிக்கறது?”

“மத்தவங்கல்லாம் எப்படி முடிக்கறாங்க?” என்று கேட்டுவிட்டு, அவரே ஒரு ட்யூப் துண்டை எடுத்துவந்து கட்டிவிட்டார்.

அவள் அவிழ்த்து எறிந்திருக்கலாம். முகாம் ஆசை கண்ணை மறைத்தது. அதைவிடத் தன் கைமேல் அவளுக்கிருந்த நம்பிக்கை மறைத்தது. சீறிவரும் பந்தையே மட்டையில் வாங்கி நிறுத்துகிறவளுக்கு, ஒரே இடத்தில் ஏறி இறங்கும் இரும்பு என்ன பெரிய சங்கதி என்று நினைத்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அவளுக்கு யார் சொல்வது?

மறுநாளே அச்சு அவள் கிளவுஸின் நுனியைக் கடித்துக்கொண்டு போனது. விரலுக்கு ஒன்றுமில்லை. ருக்மணி சிரித்துக்கொண்டே காட்டினாள். நஞ்சம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“எனக்கும் மொதல்ல கிளவுசுதான் போச்சு. அவுத்துப் போடு ருக்மணி.”

“நாளைக்கு ஒரு நாள்தான்க்கா. முடிச்சுட்டு சாயங்காலமே பெங்களூர் பஸ் ஏறிருவேன்.”

நஞ்சம்மா மனசு கேட்காமல் தங்கதுரையிடமும் போய்ச் சொன்னாள். உன் வேலையைப் பார் என்று பதில் வந்தது.

கடைசி நாள் வந்தது. இரும்பு இரும்பில் மோதும் சத்தம்தான் விடாமல் கேட்டது. ருக்மணியின் கைகள் ஒரே தாளத்தில் போய்வந்துகொண்டிருந்தன. சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தகடு அச்சில் கோணலாகச் சிக்கியது. அதை எடுக்க இடது கை உள்ளே போனது. தாளத்துக்குப் பழகிப்போன வலது கை தன்பாட்டுக்குப் பட்டனை அழுத்தியது.

நஞ்சம்மா போட்ட அலறலில் ஷெட்டு முழுக்க மெஷின்கள் நின்றன. சாயங்காலம் பெங்களூர் போகவேண்டியவளை மதியமே கம்பெனி வேனில் போட்டுக்கொண்டு போனார்கள்.

மூன்று விரல்களை டாக்டரால் காப்பாற்ற முடியவில்லை. மானேஜர் பழங்கள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் பின்னால் தங்கதுரை தலையைத் தூக்காமல் நின்றார். நஞ்சம்மாவும் ஷெட்டுப் பெண்கள் சிலரும் கட்டிலைச் சுற்றி இருந்தார்கள்.

“மனச விட்ராதம்மா. கடவுள் புண்ணியத்துல வலது கை தப்பிச்சுது. போனது இடது கைதான? ஆறினதும் மறுபடி ஆடலாம்” என்றார் மானேஜர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் இன்னும் கொடுமை.

ருக்மணி கட்டுப்போட்ட கையை அவர் முன்னால் நீட்டினாள்.

“சார், ஹாக்கி மட்டைய மேல புடிச்சுத் திருப்பறதே இடது கைதான். வலது கை சும்மா தொணைக்கு. எத்தன மேட்ச்சுக்கு வந்து கைதட்டினீங்க? நான் எந்தக் கையால ஆடறேன்னு ஒருநாளும் பாக்கலியா?”

தங்கதுரை முகத்தைப் பொத்திக்கொண்டு, “நாந்தான் கட்டினேன், நாந்தான் கட்டினேன்” என்று குலுங்கினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

“நீங்க கட்டினீங்க சார், நான் அவுக்கல. என் கை வேகத்த நம்பிட்டேன்” என்றாள் ருக்மணி. பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள். “நம்மளக் காப்பாத்தன்னு வெச்ச பட்டனக் கட்டிப்போட்டுட்டு இனி யாரும் மெஷின்ல நிக்காதீங்க. நிக்கச் சொன்னா, எல்லாரும் சேந்து மாட்டோம்னு சொல்லுங்க. டார்கெட்டு நாளைக்கும் வரும்க்கா. போன வெரலு வராது.”