காரணம், அறுபது எழுத்துக்குள்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு பம்ப் கம்பெனி மேலாளர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே தன் கம்பெனியின் புது சரக்குக் கணக்கு மென்பொருளைப் புகழ்ந்தார். "எங்க எது இருக்குன்னு உக்காந்த இடத்துலயே தெரியும் சார். கண்ணாடி மாதிரி." பேச்சோடு பேச்சாக, அங்கே ஸ்டோர் கீப்பராக இருக்கும் ஓர் அம்மாவைப் பற்றி ஆரம்பித்தார். முடிப்பதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: "ஈவிரக்கமற்ற அந்த மேலாளர்—"

அடித்துவிட்டேன். பல்வலிக்காரரை வில்லனாக்க மனம் வரவில்லை.

இரண்டாவது: "கம்ப்யூட்டர் என்றாலே அம்மாவுக்கு நடுக்கம், அவர்..."

இதுவும் பொய். நடுங்கியவர்கள் பாகங்களைச் சேர்த்துப் பம்ப் பூட்டும் ஆட்கள்தான். மென்பொருளுக்கு 'தூங்காத மாமியார்' என்று பேர் வைத்திருந்தார்கள். அம்மாவுக்கோ அதன்மேல் கொள்ளைப் பிரியம். "எத்தனை தடவ கேட்டாலும் எரிஞ்சு விழாம பதில் சொல்லுது. எங்க வீட்டுல யாரு அப்படி இருக்கா?"

3

ஒரு திங்கட்கிழமை காலை திரையில் பேரிங் இருப்பு பூஜ்யம். அது இல்லாமல் பம்ப் பூட்ட முடியாது; அடுத்த லாரி வர நான்கு நாள். பம்ப் பூட்டும் நாற்பது பேரையும் சம்பளமில்லாத விடுப்பில் அனுப்ப மேலாளர் முடிவெடுத்துவிட்டார்.

ஸ்டோரில் அம்மாவின் பீரோவில், பழைய ரப்பர் வளையங்களுக்குப் பின்னால், நானூற்று முப்பது பேரிங் இருந்தன.

[அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: இது திருட்டில்லை. ஆத்திர அவசரத்துக்கென்று கணக்கில் காட்டாமல் ஒதுக்கி வைப்பது. பத்தொன்பது வருடமாக "எங்கயோ கெடந்துச்சு" என்று எடுத்துக் கொடுத்து, எத்தனையோ நாள் வேலை நிற்காமல் பார்த்துக்கொண்டவர் அவர்.]

இப்போது அந்த வித்தை செல்லாது. மென்பொருளில் ஏறாத பொருள் ஸ்டோரைத் தாண்டாது. ஏற்றினால், ஒளித்து வைத்தவர் பேரும் சேர்ந்தே ஏறும். கணக்கில் வராத சரக்கு வைத்திருந்தால் வேலை போகும் என்று எல்லோரிடமும் முன்பே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

4

அம்மா மேலாளரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் இறங்கி வருவதற்குள் அம்மா திரையில் 430 என்று அடித்தும் விட்டார். எனக்கு அந்தத் துணிச்சல் சத்தியமாக வராது. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரை கேட்டது: காரணம்? அறுபது எழுத்துக்குள். நிரப்பாமல் நகர முடியாது.

மேலாளர் பீரோவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. (முந்தைய பிரதியில் ஒரு பக்கம் திட்டினார். கிழித்துவிட்டேன்.)

"எண்ணும்போது விட்டுப்போச்சுன்னு போடுங்கம்மா. நான் எதுவும் கேக்கல."

கண்ணாடி என்று கொண்டாடிய அதே மனிதர், ஒரு ஸ்டோர் கீப்பருக்காக அதில் பொய்யை ஏற்றத் தயாரானார். அவரை வில்லனாக்காமல் விட்டது நல்லதாயிற்று.

"வேணாம் சார். நான் எண்ணி ஒண்ணுகூட விட்டுப்போனதில்ல."

5

முடிவு அ: வேலை போகிறது. முடிவு ஆ: சால்வை போர்த்துகிறார்கள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் என் கோபம்தான் தெரிந்தது, இரண்டாவதில் என் ஆசை. அம்மாவைக் காணோம்.

சரி, அந்தக் காரணத்தையாவது எழுதலாமென்றால், பக்கம் பக்கமாக எழுதுகிற எனக்கு எழுபத்திரண்டு எழுத்துக்குக் கீழே இறங்கவில்லை.

நாற்பது பேரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். திரையில் காரணத்துக்கான கட்டம் காலியாக இருக்கிறது. நீங்கள் எழுதுங்கள். பொய் கூடாது, அம்மாவின் எண்ணிக்கையைக் குறை சொல்லவும் கூடாது. நாளைக் காலை அவர் வேலைக்கு வந்தாக வேண்டும்.