ஹார்ட்செல் சார் போன ஆட்டம்

மைரா கணவரின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். அவர் விரல்கள் பாதியிலேயே தடுமாறி நின்றுவிட்டிருந்தன.

"இன்னைக்கு ஒரு நாள் ஆட்டத்துக்குப் போகாட்டி என்னங்க?"

"பசங்க காத்துட்டு இருப்பாங்க, மைரா."

ஆல்டன் ஹார்ட்செல் அந்த ஓஹையோ கல்லூரியில் பகலில் லத்தீன் நடத்துவார். மாலையில், பந்தைக் கையில் ஏந்தி முட்டிமோதி ஓடும் அமெரிக்க ஃபுட்பால் பழக்குவார். ஆள் குறைந்தால் தாமே களத்தில் இறங்கிவிடுவார். புதன்கிழமைப் பயிற்சியிலும் அப்படித்தான். பந்தை மார்போடு அணைத்து ஓடியவரை ஐந்தாறு பேர் விழுந்து அமுக்கினார்கள். யாருடைய முழங்காலோ காதுக்கு மேலே இடித்தது. எழுந்து, சிரித்து, மண்ணைத் தட்டிக்கொண்டார். மறுநாள் வகுப்பில் கரும்பலகை நிறைய ஒரே சொல்லை எழுதிக்கொண்டே போனாராம். முதலில் மாணவர்கள் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வாசலில் அணித்தலைவன் ரூடால்ஃப் குதிரை வண்டியோடு நின்றான்.

"எனக்குத் தலையில அடிபட்டப்ப ஆடவே விடலையே சார். உங்களுக்கு மட்டும் வேற சட்டமா?"

"நீ ஆடுறவன். நான் நின்னு கத்துறவன். வண்டியை எடுடா."

வழியில், வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைராவை அவர் எடித் என்று கூப்பிட்டார். அது அவருடைய அக்கா பெயர். அவள் செத்துப் பல வருஷமாகிறது. மைரா திருத்தவில்லை.

வண்டியைக் களத்தோரம் நிறுத்தி, அவருக்குக் கம்பளி போர்த்திவிட்டு ரூடால்ஃப் ஆடப் போனான். எதிரணி தள்ளிக்கொண்டே முன்னேறியது.

"குனிஞ்சு தள்ளுங்கடா" என்றார். நாக்கு குழறியது. மெல்லச் சரிந்து அவள் தோளில் தலை சாய்த்தார். ஒரு கண்மணி மட்டும் பெரிதாக விரிந்திருந்தது. மைரா கத்தவும், வேலியோரம் நின்ற ஒருவர் டாக்டரைத் தேடி ஓடினார். ஓடியவர் இன்னும் திரும்பவில்லை; அதற்குள் தோளில் இருந்த தலை கனத்தது. கோட்டுக்குள் கையை விட்டு மார்பில் வைத்துப் பார்த்தாள். வைத்தபடியே இருந்தாள்.

இடைவேளை விசில் ஒலித்தது. மூக்கில் ரத்தம் வழிய ரூடால்ஃப் ஓடிவந்தான்.

"சார் என்ன சொல்றார்?"

"குனிஞ்சு தள்ளச் சொன்னார்."

"தூங்குறாரா?"

மைரா கம்பளியை அவர் தாடைவரை இழுத்துவிட்டாள். ரூடால்ஃப் அந்த முகத்தையே பார்த்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிக் களத்துக்கு நடந்தான்.

குளிரில் குதிரையின் மூச்சு வெண்புகையாக எழுந்து கலைந்தது. மைராவின் மூச்சும்.