கல்லறையில் ஒரு வாழையிலை

ராக்கையா கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது எல்லார் கையிலும் மெழுகுவத்தியும் செவ்வந்திப் பூவும் இருந்தன. அவர் கையில் தூக்குவாளி. கக்கத்தில் சுருட்டிய வாழையிலையும் ஒரு குடையும்.

2003ஆம் வருஷத்துக் கல்லறைத் திருநாள் அது. அவர் பெண்டாட்டி ஜெபராணி பங்குனியில் போய்ச் சேர்ந்திருந்தாள். "என்னைய எங்க ஊருல, எங்க அம்மா பக்கத்துல வச்சிருங்க" என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தாள். அப்படியே செய்தார். மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த அவருடைய பங்காளிகள் கும்பிடுவதா, சிலுவை போடுவதா என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிட்டுப் போனார்கள்.

ஆடி அமாவாசை வரை அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வருஷா வருஷம் அவருடைய அப்பாவுக்குப் படையல் ஆக்கியது ஜெபராணிதான். கோயிலுக்குள் வரமாட்டாள், திருநீறு பூசமாட்டாள். மாமனாருக்கு ஆக்கிப்போடுவதில் மட்டும் அவளுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. படையல் சோற்றை ருசி பார்க்கக் கூடாது என்பதுதான் அவளுக்குப் பிடிபடாது.

"நாக்குல வைக்காம எப்படிங்க உப்புப் பாக்குறது?"

காக்கா எடுத்த பிறகு அவர் வாயில் முதல் கவளம் போகும். "உப்புப் பத்தலை" என்பார்.

"உங்க அப்பாவுக்குப் பத்துச்சுல்ல?" என்பாள்.

இந்த ஆடியில் தம்பி பெண்டாட்டி மாயக்காள் வந்து ஆக்கினாள். அப்பாவுக்கு ஓர் இலை போட்டாள். அதோடு எழுந்துவிட்டாள்.

"ஜெபாவுக்கு?" என்று கேட்டார்.

"அக்கா சிலுவை கும்பிடுற வேதக்காரவுகதான, மாமா. அங்கன அடக்கம் பண்ணியாச்சு. இங்கன கூப்பிட்டா எப்படி வருவாக?"

கெட்ட மனசோடு சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னாள். ஆனாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வீட்டு அடுப்பை அத்தனை காலம் எரித்தவளுக்கு அந்த வீட்டில் ஓர் இலை இல்லை. எங்கேயோ வாசலுக்கு வெளியே அவள் பசியோடு நிற்கிறாள் என்ற நினைப்பு அவரை உட்காரவிடவில்லை, படுக்கவிடவில்லை.

அதனால் இன்றைக்கு அவரே அடுப்பைப் பற்றவைத்தார். அயிரை மீன் குழம்பு. அவளுக்கு அது உசிர். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. பஸ்ஸில் தூக்குவாளியை மடியை விட்டு இறக்கவுமில்லை.

கல்லறைக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஜெபராணியின் தங்கை சவரியம்மாள் செய்த வேலை. ராக்கையா சிலுவைக்கு முன்னால் இலையை விரித்துச் சோற்றைக் கொட்டிக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது அவளே வந்துவிட்டாள்.

"என்ன மச்சான், எங்க அக்கா கல்லறைய ஓட்டலாக்கிட்டீக?"

"உங்க அக்காவுக்குத்தான்."

"இங்கன சோறு வைக்கிற வழக்கமில்ல. சுத்திப் பாக்குறாக பாருங்க."

"பாக்கட்டும். ஆடியில இருந்து பட்டினி கெடக்கா."

"செத்தவுகளுக்குப் பசி ஏது மச்சான்? தூங்குறாக. அம்புட்டுத்தேன்."

"தூங்குறவளுக்கு எதுக்குத்தா வெளிச்சம்?"

சவரியம்மாள் தன் கையிலிருந்த மெழுகுவத்தியைப் பார்த்தாள். சிரிக்கப் போனாள், முடியவில்லை. "எங்க அம்மா ஏத்துனாக, நானும் ஏத்துறேன்" என்று சொல்லிச் சிலுவையடியில் அதை ஊன்றினாள். பிறகு திரும்பிப் பார்த்துவிட்டு, "ஐயோ, சாமியார் வந்துட்டாக!" என்று அவர் குடையைப் பிடுங்கி விரித்து இலைக்கு மேல் கவிழ்த்தாள்.

பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். ஜெபராணியின் பெயரைச் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். குடைத் துணியில் சொட்டுகள் விழுந்தன. மீன் குழம்பு வாசனை அவருக்கும் எட்டியிருக்க வேண்டும். ராக்கையாவின் கும்பிட்ட கைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போய்விட்டார்.

குடையை எடுத்து மடக்கிவிட்டு ராக்கையா நிமிர்ந்து, "கா... கா..." என்று கூப்பிட்டார்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. ஓரத்துப் புளியமரத்தில் காக்காய்கள் அடைந்து, சத்தம் ஓய்ந்து கிடந்தது.

"எங்க படையலுக்கு உச்சிப்பொழுது. உங்க மெழுகுவத்திக்கு அந்தி" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. "ரெண்டையும் போட்டுக் கொழப்பிட்டேன்."

காக்கா எடுக்காத இலை அவள் தொடாத இலை. அதை அவரும் தொடக் கூடாது. வீட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது.

சவரியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"தள்ளுங்க மச்சான். அவ ரத்தந்தான நானும்."

ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டாள். மென்றவளின் முகம் சுளித்தது.

"யாத்தே, உப்புக் கரிக்குது!"

"உங்க அக்காவுக்குப் பத்துச்சுல்ல?" என்றார் ராக்கையா.

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று அவருக்கு உறைத்தது. சவரியம்மாளுக்கு அது தெரியாது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எங்க மாமனாருக்கு இன்னும் ஏத்தல. வாறேன் மச்சான். மழை வரும்போல இருக்கு, நேரத்தோட கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு வரிசைகளுக்குள் போனாள்.

கூட்டம் கலைந்தது. அங்கங்கே விட்டுப்போன வெளிச்சங்கள் மட்டும் இருந்தன. ராக்கையா சம்மணமிட்டு உட்கார்ந்து, கரித்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றார். கடைசி வாய்க்கு முன்னாலேயே தூறல் ஆரம்பித்துவிட்டது.

குடையை விரித்தார். இலை காலியாகியிருந்தது. எட்டி, குடையை மெழுகுவத்திக்கு மேல் பிடித்தார்.