அளவுக்கு நின்றவள்

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாருக்கும் பல்வலி கிடையாது. வாயைப் பிளந்துகொண்டு சுவரில் தொங்கும் பல் படங்களுக்குக் கீழே நாற்காலிகளை அரைவட்டமாக இழுத்துப் போட்டு, கிராம்பு எண்ணெய் வாசனைக்கு நடுவில் பயண வட்டத்துக்காரர்கள் உட்கார்ந்து விளையாடுவார்கள். எல்லோரும் ஒரே டூர் கம்பெனியின் பஸ்ஸில் வருஷா வருஷம் ஒன்றாகச் சுற்றியவர்கள். முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்ததும் பஸ்ஸை விட்டுவிட்டு டாக்டரின் டிவியைப் பிடித்துக்கொண்டார்கள். மாதம் ஒருவர் தன் பழைய படங்களைக் கொண்டுவருவார். டிவியில் படம் வரும். எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று முதலில் சொல்பவருக்கு ஒரு புள்ளி.

விளையாட்டுக்கு ஒரே சட்டம்தான்: படத்தில் ஆள் இருக்கக் கூடாது. ரொட்டிக்கடைக்காரரால் வந்த சட்டம் அது. அவர் எடுத்த படங்களில் முக்கால்வாசி அவர் மனைவியின் முகமாகவே இருக்கும். அவள் தோளுக்குப் பின்னால் ஏதாவது ஒரு கோபுரம் ‘நானும் வந்திருக்கிறேன்’ என்று எட்டிப் பார்க்கும். ஒரு தடவை அவளுக்குப் பக்கத்தில் நின்ற எவனோ ஒருவனின் பனியனில் அந்த ஊர்ப் பெயரே கொட்டை எழுத்தில் இருந்தது. எல்லோரும் ஒரே குரலில் அதை வாசித்தார்கள். அன்றைக்கு டாக்டர் போட்ட சட்டம், ஆள் இருந்தால் படம் செல்லாது என்று.

இந்த மாதம் சர்வேயரின் முறை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அவரை விட்டு அளவு போகவில்லை. ஊர் ஊராகப் போனபோதெல்லாம் ஒவ்வொரு கட்டடத்துக்குக் கீழேயும் மனைவியை நிறுத்தித்தான் படம் எடுத்தார். “நீ அங்க நில்லு. எத்தனை பெரிசுன்னு தெரியணும்ல” என்பார். அவள் நல்ல உயரம். தூணுக்கும் வளைவுக்கும் கீழே கையை ஒட்டி வைத்துக்கொண்டு, நிலம் அளக்கிறவர்கள் நட்டுவைக்கும் கோல் மாதிரி நிற்பாள். பஸ்ஸில் யாரோ விளையாட்டாக ‘ஸ்கேல் அக்கா’ என்று கூப்பிட, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவளும் சிரித்துக்கொண்டுதான் திரும்பிப் பார்த்தாள்.

அன்று ஸ்கேல் அக்கா வந்தது விளையாடுவதற்கு இல்லை. மடியில் போனை வைத்துக்கொண்டு ஒரே ஒரு படத்துக்காகக் காத்திருந்தாள்.

அவளுக்கு ஒரு மகள். தனக்குப் பிடித்த ஒரு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு போனாள். அந்த வாரமே வீட்டுச் சுவரிலிருந்த அவள் படங்கள் எல்லாம் இறங்கிக் குப்பைக்குப் போயின. ஆணி மட்டும் நின்றது. ‘இந்த வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம்’ என்று சர்வேயர் சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு காலையில் அவர் நடக்கப் போகிற நேரத்தில்தான் தாயும் மகளும் பேசுவது. வாசல் கேட் கிறீச்சிட்டால் போன் கீழே போய்விடும். போன மாதம் மகள் ஒன்று கேட்டாள். அவள் குழந்தை, ‘பொய் சொல்றே, நீ சின்னப் பிள்ளையா இருந்ததே இல்ல’ என்று தினமும் சண்டை போடுகிறதாம். காட்டுவதற்கு ஒரு படம் கிடையாது.

“ஒண்ணே ஒண்ணு போதும்மா” என்றாள் மகள்.

டிஜிட்டல் கேமரா வந்த புதிதிலேயே வாங்கியவர் சர்வேயர். காகிதம் தூசி பிடிக்கும், கம்ப்யூட்டர்தான் பத்திரம் என்பது அவர் கட்சி. எல்லாம் அதற்குள்தான் இருந்தது, அவருக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டுக்குப் பின்னால். ஸ்கேல் அக்கா சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். யாருடைய போட்டோ என்று, உண்மையிலேயே தெரியாதவர் போல, அவர் திருப்பிக் கேட்டார். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அவர் முறை வந்ததும், நாலு குதிரை நீரூற்றுப் படத்தை விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவர் எடுத்ததிலேயே அவருக்குப் பிடித்த படம் அது. நீரூற்றின் கல் திட்டில்தான் மகள் உட்கார்ந்திருந்தாள், ஏழு வயசில், ஒரு ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. ஆள் இல்லாத படமே அவரிடம் கிடையாது; படம் டிவியில் வந்ததும், செல்லாது என்று டாக்டர் தள்ளுவதற்குள் போனில் பிடித்துவிட வேண்டும். இதுதான் திட்டம்.

முதலில் ஒரு கல் வளைவு வந்தது. பியூட்டி பார்லர்க்காரி ஊர்ப் பெயரைச் சொல்லிப் புள்ளியைத் தட்டிக்கொண்டு போனாள். ஸ்கேல் அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இடது தூணுக்குக் கீழே அவள் நின்றிருந்தாள், நன்றாக நினைவிருக்கிறது, அன்றைக்குக் காது அடைத்துப்போகிற மாதிரி காற்று. தூண் இருந்தது, அவள் இல்லை. அடுத்து இரும்புப் பாலம் வந்தது. தலை சுற்றக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் கம்பி மட்டும் ஓடியது.

“படம் பளிச்சுனு இருக்கு சார். ஒரு ஈ காக்கா இல்ல” என்றாள் பார்லர்க்காரி.

சர்வேயருக்கு அது போதும். போனில் இப்போது ஒரு ஆப் வந்திருப்பதையும், ஆளைச் சுற்றி விரலால் ஒரு கோடு போட்டால் ஆள் போய்விடுவதையும், அந்த இடத்துக்கு வேண்டிய கல்லையும் புல்லையும் அதுவே போட்டு நிரப்பிக்கொள்வதையும் விளக்கினார். பழைய படங்கள் அத்தனையையும் உட்கார்ந்து சுத்தம் பண்ணியதாகச் சொன்னார். சட்டம் என்றால் சட்டம்தானே என்றார். டாக்டர் கைதட்டினார்.

பிறகு நீரூற்று வந்தது. நாலு குதிரைகளும் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. திட்டு காலியாக இருந்தது. குழந்தை உட்கார்ந்திருந்த இடத்தில் ஈரக் கல். அதன்மேல் பாசிகூடப் பொருத்தமாகப் படர்ந்திருந்தது. ஸ்கேல் அக்காவின் விரல் போன்மேல் நின்றது நின்றபடி இருந்தது. பெயரைச் சொல்லி டாக்டர் புள்ளி வாங்கிக்கொண்டார். அவள் கணவர் பக்கம் சாய்ந்தாள்.

“அந்தத் திட்டுல நம்ம பொண்ணு உட்கார்ந்திருந்தாளே.”

“ஆள் கூடாதுன்னு ரூல்.”

“பழைய படம் இருக்குமில்ல?”

“அதுலயேதான் ஆளை அழிச்சேன். ஒரே படத்தை ரெண்டு ரெண்டா வெச்சுக்க நான் என்ன ஸ்டூடியோவா நடத்தறேன்?”

“எல்லாத்துலயுமா?”

“அரைகுறையா வேலை செஞ்சு எனக்குப் பழக்கம் இல்ல.”

குரலை உயர்த்தவில்லை அவர். பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது. ராத்திரியோடு ராத்திரியாக எல்லைக் கல்லைப் பிடுங்கிப் போடுகிறவனைப் போலப் பாவி உலகத்தில் இல்லை என்று வேலையில் இருந்த காலமெல்லாம் சாப்பிட உட்காரும்போது திட்டிக்கொண்டே சாப்பிட்ட மனிதர். ஸ்கேல் அக்கா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். மகளிடம் என்ன சொல்வது என்று மட்டும்தான் யோசித்தாள். அதற்குமேல் யோசித்தால் அந்த அறையிலேயே ஏதாவது ஆகிவிடும் போலிருந்தது.

சர்வேயரின் படங்கள் சீக்கிரம் தீர்ந்துவிட்டன. டீ இன்னும் வரவில்லை. அதுவரை தன்னுடையதைப் போடலாம் என்று ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். ஆல்பத்தில் இருந்த பழைய படங்களைப் போனில் பிடித்துக் கொண்டுவந்திருந்தார்.

“ஆள் இருக்கா?” என்றார் டாக்டர்.

“கொஞ்சமா இருக்கு டாக்டர்.”

கொஞ்சமாக இருந்தது டிவியை அடைத்துக்கொண்டு வந்தது. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி, இளவயதில், கடையிலிருந்து கொண்டுபோன பன்னைக் கடித்து ஒரு கன்னம் உப்பியபடி. கூட்டம் சிரித்தது. அவளே எல்லோருக்கும் மேலே சிரித்தாள். அவள் காதுக்கு அந்தப் பக்கம் சாய்வாக ஒரு குதிரையின் கால் தெரிந்தது. பழக்க தோஷம், சர்வேயர் நீரூற்றின் பெயரையும் ஊரையும் பட்டென்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் மீதியைப் பார்த்தார். ஸ்கேல் அக்கா அவருக்கு முன்பே பார்த்துவிட்டிருந்தாள்.

அதே நாள், அதே பஸ்ஸில் போனதுதான். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று எடுத்த படம். குதிரைக்குக் கீழே ஒரு நெட்டைப் பெண், கையை ஒட்டி வைத்துக்கொண்டு. இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக் கேமராவில் குனிந்திருக்கிற ஒரு ஆள். இரண்டு பேருக்கும் நடுவில், திட்டில், மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி. மடியில் ஒரு ஷூ. வாயைத் திறந்து, நெட்டைப் பெண்ணைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். எப்போதும் படம் எடுக்கிறவர் அவர்தான் என்பதால், மூன்று பேரும் ஒன்றாக இருக்கிற படமே அந்தக் குடும்பத்தில் கிடையாது. அது இத்தனை வருஷமாக ரொட்டிக்கடைக்காரரின் ஆல்பத்தில் ஒரு பன்னுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

“ஆள் இருக்கு. செல்லாது. அடுத்ததைப் போடுங்க” என்றார் சர்வேயர்.

“நீங்கதானே சார் விடை சொன்னீங்க? புள்ளி வேண்டாமா?” என்றாள் பார்லர்க்காரி.

“வேண்டாம்.”

அரைப் புள்ளிக்கு அரை மணி நேரம் வாதாடுகிறவர் அவர். அறை ஒருமாதிரி பார்த்தது. ரொட்டிக்கடைக்காரரின் மனைவிக்கு மட்டும் பொறுக்கவில்லை. கல்லைப் படம் எடுக்கவா அத்தனை தூரம் போனோம், கல்லு எங்கேயும் போகாது என்றாள். “சர்வேயர் அண்ணன் படத்தைப் பார்த்தா, கல்லைக் கண்டா நாயைக் காணோம்ங்கற கதையா இருக்கு” என்று சொல்லிவிட்டு, சொன்னது உறைக்க நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் சமாதானமாக ரிமோட்டை எடுத்தார்.

“மாத்தாதீங்க டாக்டர்.”

ஸ்கேல் அக்கா எழுந்து போய் டிவிக்கு முன்னால் நின்றாள்.

“உட்காரு. எல்லாருக்கும் மறைக்குது” என்றார் கணவர்.

“மறைக்கட்டும். எத்தனை பெரிசுன்னு தெரியணும்ல.”

அந்த வாக்கியத்துக்குப் பஸ்ஸில் எத்தனையோ தடவை சிரித்தவர்கள் அன்று சிரிக்கவில்லை. அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். கிட்டத்தில் நின்று எடுத்ததில் டிவியின் வெளிச்சமும் நாற்காலிகளும் அவளுடைய நிழலும்தான் விழுந்தன. மறுபடி எடுத்தாள், அதுவும் சரியில்லை. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி மெதுவாக வந்து முழங்கையைப் பிடித்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது. ஆனால் டிவியையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்ததில் ஏதோ பிடிபட்டிருந்தது.

“டிவியைப் போய் ஏன்க்கா போட்டோ எடுக்கறீங்க? நான் அனுப்பிடறேன்” என்றாள். சொன்னபடியே அங்கேயே நின்று அனுப்பினாள். டீ வந்தது. யாரோ பிஸ்கட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது டவுன் பஸ்ஸில் சர்வேயர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சட்டம் என்று ஒன்று போட்டால் எல்லாருக்கும் போட வேண்டும் என்று ஆரம்பித்தார். நாலைந்து நிறுத்தம் போன பிறகு அவரே மறுபடியும் பேசினார்.

“கேமராவை எப்படிச் சாய்ச்சுப் பிடிச்சிருக்கான் பாரு. நேரா பிடிக்கக்கூடத் தெரியல.”

மறுநாள் அவர் நடக்கப் போனதும் படத்தை மகளுக்கு அனுப்பினாள். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் போன் அடித்தது.

மகள் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். குழந்தை பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டதாம், அழுகிற வாய் தன் வாய் மாதிரியே இருக்கிறதாம். இனிமேல் அந்தச் சண்டை தீர்ந்தது என்றாள். பிறகு மகளின் குரல் கொஞ்சம் இறங்கியது.

“நான் எதுக்கும்மா அழறேன் அதுல?”

“புது ஷூ. குதிங்காலைக் கடிச்சு ரத்தமே வந்துடுச்சு.”

“உன்னைப் பார்த்துத்தானே அழறேன்.”

“ஆமா.”

“நீ என்னைப் பார்க்கவே இல்லையே. நேரா பார்த்துக்கிட்டு நிக்கறே.”

ஸ்கேல் அக்கா அடுப்பை அணைத்தாள்.

“அசையாதேன்னு சொல்லியிருந்தாரு” என்றாள்.

அந்தப் பக்கம் குழந்தை எதையோ விடாமல் கேட்டு நச்சரிப்பது கேட்டது. மகள் அதை இரண்டு தடவை அதட்டினாள். பிறகு, எப்படிச் சொல்வதென்று தெரியாதவள் போலச் சொன்னாள்.

“ஒண்ணுமில்லம்மா. அந்தக் குதிரைக்குக் கீழ நிக்கற சிலை யாரோடதுன்னு கேக்கறா. என்ன சொல்லட்டும்?”

வாசல் கேட் கிறீச்சிட்டது. போனைக் கீழே வைக்கிற நேரம். அவள் வைக்கவில்லை. செருப்புச் சத்தம் நெருங்கி வர வர, போனைக் காதில் வைத்தபடி அசையாமல் நின்றாள்.